ஒரு கிலோ பூவின் கணக்கு: வாசனைத் திரவியங்களுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைகள்

பிச்சிப்பூ பொழுது சாய்ந்த பிறகுதான் இதழ் விரிக்கும். விடிவதற்கு முன்பு அதன் மணம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற மணம் இறங்கிவிடும். அதனால் வாசனைத் தொழிலுக்குப் போகும் பூவை நடுச்சாமத்துக்கு மேல் பறிக்கத் தொடங்கி, வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். இதற்கு இயந்திரம் கிடையாது. ஒவ்வொரு பூவாக விரல் நுனியால் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். ஒரு கிலோ சேர ஏறத்தாழ 8,000 பூ ஆகும்.

இந்த 8,000 என்ற எண்ணைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த சென்ட் பாட்டில்களுக்குப் பின்னால் குழந்தைகள் எப்படி வந்து சேர்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேடும்போது நான் திரும்பத் திரும்ப இந்த எண்ணிடம்தான் வந்து நிற்கிறேன்.

பூ எண்ணெயாகும் வழி

ரோஜாவை ஆவியில் வடித்து எண்ணெய் எடுக்கலாம். பிச்சி அப்படி ஒத்துவராது. சூடு பட்டால் அதன் மணம் கெட்டுவிடும். ஆகவே பூவை ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைக்கிறார்கள். கரைப்பான் மணத்தையும் பூவின் மெழுகையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பின்பு கரைப்பானை ஆவியாக்கினால் மெழுகுபோன்ற கெட்டியான பொருள் மிஞ்சும். தொழிலில் இதற்கு ‘கான்கிரீட்’ என்று பெயர். அதை ஆல்கஹாலில் கழுவி, குளிரவைத்து, மெழுகை வடிகட்டிப் பிரித்தால் கிடைக்கும் அடர்ந்த திரவம் ‘அப்சொல்யூட்’. உயர்ரகச் சென்ட்டுகளில் சேர்ப்பது இதைத்தான்.

ஒரு கிலோ அப்சொல்யூட்டுக்கு 700, 800 கிலோ பூ வேண்டும். அதாவது ஏறத்தாழ 60 லட்சம் பூக்கள். அத்தனையும் கையால் பறித்தவை, அத்தனையும் இரவில்.

சரி, அந்தக் கைகளுக்கும் கடையில் பாட்டிலை எடுத்து மணிக்கட்டில் தெளித்துப் பார்க்கும் கைகளுக்கும் இடையே யார் யார் இருக்கிறார்கள்? பூ பறிப்பவர் முதல் கண்ணி. நிலம் பெரும்பாலும் அவருடையதாக இருக்காது. நிலக்காரர் இரண்டாவது. ஊர் ஊராகப் பூவை எடை போட்டுச் சேகரிக்கும் இடத்தரகர் மூன்றாவது. எண்ணெய் எடுக்கும் ஆலை நான்காவது. ஆலையிடமிருந்து வாங்குவது வாசனை நிறுவனங்கள்: ஜிவோடான், டிஎஸ்எம்-ஃபிர்மெனிக், ஐஎஃப்எஃப், சிம்ரைஸ் போன்றவை. இந்தப் பெயர்களைக் கடை அலமாரியில் பார்க்க முடியாது. ஆனால் அங்கே பார்க்கிற பெரும்பாலான சென்ட்டுகளை உருவாக்குவது இவர்கள்தான். நமக்குப் பெயர் தெரிந்த பிராண்டுகளில் சொந்தமாக வாசனைக் கலைஞர்களை வைத்திருப்பவை மிகச் சில. மற்றவை வெளியே கொடுத்துச் செய்கின்றன.

எப்படிக் கொடுக்கிறார்கள் என்பது முக்கியம். பிராண்டு ஒரு குறிப்பை அனுப்பும். தொழிலில் அதை ‘பிரீஃப்’ என்பார்கள். எந்த மாதிரி மணம் வேண்டும், யார் வாங்குவார்கள், வாசனைக் கலவை கிலோவுக்கு எவ்வளவு விலைக்குள் முடிய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பல வாசனை நிறுவனங்கள் அந்த ஒரு வேலைக்குப் போட்டியிடும். ஆக, மேலே ஒரு மேசையில் விலைக்கு ஒரு கூரை போட்டாயிற்று. அந்தக் கூரைக்குக் கீழே இருக்கிற ஒவ்வொருவரும் தனக்குக் கீழே இருப்பவரிடம் பேரம் பேசுவார்கள். பூ பறிப்பவருக்குக் கீழே பேரம் பேச ஆள் கிடையாது. அவருக்குத் துணையாக இருப்பது அவருடைய பிள்ளைகள் மட்டும்.

எது குழந்தை உழைப்பு, எது இல்லை

வீட்டு வேலையில் ஒத்தாசை செய்யும் எந்தப் பிள்ளையையும் குழந்தைத் தொழிலாளர் என்று யாரும் சொல்லவில்லை. பள்ளிவிட்டு வந்து அரை மணி நேரம் தோட்டத்தில் அம்மாவுக்குக் கூடமாட உதவுவது குற்றமே இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் பேசினால் ஏழை விவசாயிகளை எல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவோம்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் இரண்டு உடன்படிக்கைகள்தான் இதற்கு அடிப்படை. 1973இல் வந்த 138ஆம் உடன்படிக்கை வயதைப் பற்றியது. பொதுவாக வேலைக்குப் போகக் குறைந்தபட்ச வயது 15. பொருளாதாரத்தில் பின்தங்கிய நாடுகள் தொடக்கத்தில் 14 என்று வைத்துக்கொள்ளலாம். படிப்பையும் உடலையும் கெடுக்காத இலகுவான வேலை 13 வயதிலிருந்து செய்யலாம். ஆபத்தான வேலைக்கு 18 ஆகியிருக்க வேண்டும். 1999இல் வந்த 182ஆம் உடன்படிக்கை, எவ்வளவு ஏழை நாடாக இருந்தாலும் உடனடியாக நிறுத்தியே ஆகவேண்டிய மோசமான வகைகளைப் பற்றியது. அந்த அமைப்பின் உறுப்பு நாடுகள் எல்லாம் ஒன்று விடாமல் ஏற்றுக்கொண்ட முதல் உடன்படிக்கை அது. 2020 ஆகஸ்டில் டோங்கா நாடு முறைப்படி ஏற்றுக்கொண்டதோடு அந்த வட்டம் முழுமையானது. ஆபத்தான வேலை எது என்று முடிவு செய்யும்போது நீண்ட நேர வேலையையும் இரவு வேலையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதனுடன் வந்த பரிந்துரை சொல்கிறது.

பிச்சிப்பூ விஷயத்தில் இந்தக் கடைசி வரிதான் முக்கியம். பூ பறிப்பது சுரங்கத்தில் கல் உடைப்பதுபோல் தெரியாது. பார்க்க அழகாகக்கூட இருக்கும். ஆனால் 7 வயதுப் பிள்ளையை இரவு மூன்று மணிக்கு எழுப்பி வயலுக்குக் கூட்டிப்போய்ப் பல மணி நேரம் நிற்கவைத்தால், பூவின் மென்மை எதையும் மாற்றிவிடாது. தூக்கம் கெட்ட உடல் மறுநாள் பள்ளியில் எப்படி உட்கார்ந்திருக்கும்?

உலக அளவு தெரிய வேண்டுமானால்: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃப்பும் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2024இல் 13.8 கோடிக் குழந்தைகள் உழைப்பில் இருந்தார்கள். அவர்களில் 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலைகளில். ஐந்தில் மூன்று பேர் விவசாயத்தில். குழந்தை உழைப்பு என்றதும் தீப்பெட்டித் தொழிற்சாலையும் செங்கல் சூளையும் மனதில் வருகின்றன. ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் இருப்பது வயலில், தங்கள் குடும்பத்தோடு.

எகிப்தின் வயல்கள்

கெய்ரோவுக்கு வடக்கே நைல் நதி பல கிளைகளாகப் பிரிந்து கடலில் சேரும் சமவெளியில் கார்பியா என்றொரு மாகாணம் இருக்கிறது. வாசனைத் தொழிலுக்காக உலகில் விளையும் பிச்சிப்பூவில் ஏறக்குறைய பாதி எகிப்தில் விளைகிறது. அதன் மையம் கார்பியா. ஜூனில் தொடங்கி நவம்பர்வரை பூப் பருவம்.

2023ஆம் ஆண்டுப் பருவத்தில் பிபிசி உலக சேவையின் புலனாய்வுக் குழு அங்கே போய்ப் படம் பிடித்தது. 2024 மே மாதம் அது வெளியானது. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இரவில் பூ பறிப்பதை அவர்கள் ஒன்றுக்கும் மேற்பட்ட இடங்களில் பார்த்தார்கள். எகிப்தின் சட்டப்படி 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களை மாலை ஏழு மணி முதல் காலை ஏழு மணிவரை வேலை வாங்கக் கூடாது. பறிப்பதோ சரியாக அந்த நேரத்தில்தான். அந்தப் பூவை வாங்கிய ஆலைகள், லோரியாலுக்குச் சொந்தமான லான்கோம், எஸ்டே லாடருக்குச் சொந்தமான ஏரின் பியூட்டி ஆகிய பிராண்டுகளின் சென்ட்டுகளுக்குச் சரக்கு அனுப்பும் சங்கிலியில் இருந்ததாக அந்தச் செய்தி காட்டியது. மனித உரிமைகளை மதிப்பதாகவும் விஷயத்தைத் தீவிரமாக எடுத்துக்கொள்வதாகவும் நிறுவனங்கள் பதில் சொல்லின.

அந்தச் செய்தியில் ஒரு தாய் வருகிறார். 5 வயது முதல் 15 வயதுவரை அவருக்கு நான்கு பிள்ளைகள். ஓர் இரவு முழுக்கக் குடும்பமே சேர்ந்து பறித்தது ஒன்றரைக் கிலோ. மூன்றில் ஒரு பங்கு நிலக்காரருக்குப் போனது. மிஞ்சியது ஏறத்தாழ ஒன்றரை டாலர். பிள்ளைகளில் ஒருத்திக்கு வயது 10. அவளுடைய கண்ணில் கடுமையான ஒவ்வாமை. சிகிச்சை எடுக்காமல் தொடர்ந்து பூ பறித்தால் பார்வை பாதிக்கப்படும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

இப்போது அந்த 8,000ஐ எடுத்துக்கொள்வோம். ஒன்றரைக் கிலோ என்றால் 12,000 பூ. ஒருவர் மட்டும் நின்று, ஒரு விநாடிக்கு ஒரு பூ என்ற கணக்கில் இடைவிடாமல் பறித்தால்கூட மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படி யாரும் பறிக்க முடியாது. செடி விட்டுச் செடி போக வேண்டும், இருட்டில் பூவைத் தேட வேண்டும், கூடையை நகர்த்த வேண்டும். கூலி நேரத்துக்கு இல்லை, எடைக்கு. வெயில் ஏறினால் பூ வீண். ஆகவே வருமானத்தைக் கூட்ட அந்தத் தாய்க்கு ஒரே ஒரு வழி இருக்கிறது: இன்னும் சில விரல்கள். அவை எங்கே கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதனால்தான் பெற்றோரைக் குறை சொல்லும் பேச்சு எனக்கு ஒப்பவில்லை. பிள்ளைகளைத் தூங்கவிட்டுவிட்டு அவர் மட்டும் போயிருந்தால் ஒன்றரை டாலரும் வந்திருக்காது. வாங்குபவர் நிர்ணயித்த கிலோ விலை, ஒரு பெரியவரின் உழைப்பால் ஒரு குடும்பம் சாப்பிட முடியாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அந்த விலைக்குள்ளேயே குழந்தையின் உழைப்பு சேர்ந்திருந்தது.

அப்புறம் நாணயத்தின் விஷயம். 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 16 எகிப்தியப் பவுண்டு அளவில் இருந்தது; 2024 மார்ச்சில் 50ஐ நெருங்கியது. நடுவில் 2023 செப்டம்பரில் எகிப்தின் பணவீக்கம் 38 சதவீதம். பூ எண்ணெய் வெளிநாட்டுக்கு டாலரில் விற்கிறது. கூலி உள்ளூர்ப் பணத்தில். ரொட்டியும் எண்ணெயும் மருந்தும் விலை ஏறிக்கொண்டே இருக்க, அவர்கள் பறிக்கும் பூவுக்கு வெளியே கிடைக்கும் பணத்தின் மதிப்பு குறையவில்லை. அந்த இடைவெளி யாருடைய பைக்குள் போனது என்பதை ஒவ்வொரு வாங்குபவரும் தன் கணக்குப் புத்தகத்தில் பார்த்திருக்க முடியும்.

பூ ஏன் இடம் மாறியது

பிச்சியின் வாசனைத் தொழில் எகிப்தில் பிறந்ததில்லை. பிரான்சின் தெற்கே கிராஸ் என்ற ஊர்தான் அதன் தாய்வீடு. ஷனெல் நிறுவனம் 1921இல் கொண்டுவந்த ‘நம்பர் 5’ சென்ட்டுக்கு அந்த ஊர் பிச்சிதான் உயிர். இன்றும் அந்த நிறுவனம் கிராஸில் ஒரு விவசாயக் குடும்பத்தோடு ஒப்பந்தம் வைத்துப் பூ வாங்குகிறது. ஆனால் பிரான்சில் கூலி உயர்ந்ததும் பெரும்பகுதித் தொழில் கூலி மலிவாக இருந்த இடங்களைத் தேடிப் போனது. இத்தாலியின் கலாப்ரியாக் கடற்கரையில் பல பத்தாண்டுகள் பூத்தது. அங்கே பெண்கள் இருட்டில் வயலுக்குப் போய்ப் பறித்தார்கள், பிள்ளைகளையும் கூடக் கூட்டிப்போனார்கள். அங்கும் கூலி உயர, தொழில் மறுபடி நகர்ந்தது. இன்று எகிப்தும் இந்தியாவும்தான் உலகின் பிச்சி எண்ணெயில் ஆகப் பெரும் பங்கைத் தருகின்றன.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பூ பறிப்பதை வேகப்படுத்த முடியாது. நூறு ஆண்டுக்கு முன்பும் ஒரு கிலோவுக்கு 8,000 பூ, இன்றும் அதே. வேறு தொழிலில் இயந்திரம் வந்து செலவைக் குறைக்கும். இதில் செலவைக் குறைக்க ஒரே வழி, குறைந்த கூலிக்குச் சம்மதிக்கும் கைகளைத் தேடிப் போவது.

தணிக்கை ஏன் பார்க்கவில்லை

“இவர்கள்தான் ஆடிட் செய்கிறார்களே, சான்றிதழ் இருக்கிறதே?” என்று முதலில் எனக்கும் தோன்றியது. பெரிய பிராண்டுகள் பலவும் மூன்றாம் தரப்பு நிறுவனங்களை வைத்துத் தணிக்கை செய்கின்றன. அவர்கள் போவதும் உண்மை, அறிக்கை எழுதுவதும் உண்மை.

ஆனால் ஆடிட்டர் எப்போது போகிறார், எங்கே போகிறார் என்று பார்க்க வேண்டும். ஆலைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, பகலில், அலுவலக நேரத்தில் போனால் அங்கே ஒரு பிள்ளைகூட இருக்காது. ஏனென்றால் பிள்ளைகள் ஆலையில் வேலை செய்யவில்லை; மூன்று கண்ணிக்கு அப்பால், இருட்டு வயலில் இருந்தார்கள், விடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆலைக்குச் சொந்தமான தோட்டத்துக்குப் போனாலும் போதாது. பூவில் பெரும்பகுதி நூற்றுக்கணக்கான சிறு நிலங்களிலிருந்து வருகிறது. சேகரிக்கும் இடத்தில் எல்லாப் பூவும் ஒரே குவியலாகக் கொட்டப்படும். கொட்டிய பிறகு எந்தப் பூவை யார் பறித்தார்கள் என்று கடவுளால்கூடச் சொல்ல முடியாது. இன்னொன்று: பறிப்பவர் எந்த நிறுவனத்தின் ஊழியரும் இல்லை. பெயர்ப் பட்டியல், சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது. சரிபார்க்கக் காகிதமே இல்லாத இடத்தில் காகிதத்தைச் சரிபார்க்கும் முறை என்ன செய்யும்?

அடிமைத்தனத்தின் இன்றைய வடிவங்களை ஆராய ஐ.நா. நியமித்த சிறப்புப் பிரதிநிதியாக அப்போது இருந்தவர் டோமோயா ஒபோகாட்டா. எகிப்துக் காட்சிகளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதன் சாரம்: காகிதத்தில் எவ்வளவோ நல்ல வாக்குறுதிகள் இருக்கின்றன, நடைமுறையில் அவை நடக்கவில்லை. என் பார்வையில் தணிக்கைக்கு ஒரு பெரிய குருட்டுப் பகுதி இருக்கிறது. பிள்ளை இருக்கிறதா என்று தேடுகிறது. பிள்ளை இல்லாமல் இந்த விலைக்கு இந்தப் பூவைப் பறிக்க முடியுமா என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை காண வயலுக்குப் போகவே வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

வெனிலாவும் ரோஜாவும்

பிச்சி மட்டும் இல்லை. வெனிலாவின் பெரும்பகுதி உணவுத் தொழிலுக்குப் போகிறது, ஆனால் இனிப்பு மணமுள்ள சென்ட்டுகளிலும் அது முக்கியம். உலக வெனிலாவில் மிகப் பெரும் பங்கு மடகாஸ்கரின் வடகிழக்கே சாவா என்ற பகுதியில் விளைகிறது. அங்கே 12 முதல் 17 வயதுவரை ஏறத்தாழ 20,000 பிள்ளைகள் வெனிலா வேலையில் இருப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010களின் தொடக்கத்தில் மதிப்பிட்டது. வெனிலா விலை ஊஞ்சல்போல் ஆடும். 2018 வாக்கில் கிலோ 600 டாலர்வரை போனது, சில ஆண்டுகளில் தலைகுப்புற விழுந்தது. விலை ஏறினால் திருட்டுப் பயத்தில் இரவெல்லாம் தோட்டத்தைக் காவல் காக்க வேண்டும். விழுந்தால் கூலிக்கு ஆள் வைக்க முடியாது. இரண்டிலும் பிள்ளைகள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெனிலாப் பூ ஒரே ஒரு நாள் விரிந்திருக்கும். அதன் தாயகமான மெக்சிகோவுக்கு வெளியே அதில் மகரந்தம் சேர்க்க ஏற்ற பூச்சி கிடையாது. ஒரு சிறு குச்சியால் பூவுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை நிமிர்த்தி, விரலால் அழுத்தி மகரந்தத்தைச் சேர்க்கும் முறையை 1841இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் ஒருவர் கண்டுபிடித்தார். அவர் பெயர் எட்மண்ட் ஆல்பியஸ். அப்போது அவருக்கு வயது 12. அடிமையாகப் பிறந்த சிறுவர். உலகின் வெனிலாத் தொழில் முழுவதும் இன்றுவரை அந்தச் சிறுவரின் முறையில்தான் நடக்கிறது. அவரோ வறுமையில் இறந்தார். இந்தக் கதையை முதலில் படித்த நாளிலிருந்து வெனிலா மணம் எனக்கு வேறுமாதிரி ஆகிவிட்டது.

துருக்கியின் இஸ்பார்ட்டாப் பகுதியில் ரோஜா. மே, ஜூன் மாதங்களில் விடியற்காலையில் பறிப்பார்கள். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்றரை, நான்கு டன் பூ. பறிக்க வருபவர்களில் ஊர் விட்டு ஊர் வரும் குடும்பங்களும் சிரியாவிலிருந்து வந்த அகதிகளும் உண்டு. பள்ளி ஆண்டு முடிவதற்குள் பருவம் தொடங்கிவிடும். குடும்பத்தோடு வந்த பிள்ளை எங்கே படிக்கும்?

லேபிளில் என்ன இருக்கிறது

சென்ட் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். மணம் தரும் நூறு பொருள் இருந்தாலும் ‘பர்ஃபம்’ என்ற ஒரே சொல்லில் அடங்கியிருக்கும். கலவை தொழில் ரகசியம் என்பதால் சட்டம் இதை அனுமதிக்கிறது. அதன்கீழ் சில வேதிப்பொருள்களின் பெயர்கள் இருக்கும். தோலில் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவற்றைத் தனியே சொல்ல வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது. முதலில் 26 பொருள்கள்; 2023இல் அந்தப் பட்டியலை 80க்கும் மேல் நீட்டினார்கள். பூசிக்கொள்பவரின் தோலுக்கு எது ஆகாது என்று இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கெடுக்கத் தெரிந்திருக்கிறது. அந்தப் பூவைப் பறித்துக் கண் வீங்கிய 10 வயதுப் பெண்ணைப் பற்றிச் சொல்ல லேபிளில் ஒரு வரிகூடக் கிடையாது.

அதுபோக, பிச்சி மணம் வந்தால் பிச்சிப்பூ இருக்கிறது என்று பொருளும் இல்லை. 1960களிலிருந்தே ஹெடியோன் என்ற செயற்கைப் பொருள் புழக்கத்தில் இருக்கிறது. இன்றைய சென்ட்டுகளில் பூ மணத்தின் பெரும்பகுதி இப்படி ஆய்வுக்கூடத்திலிருந்து வருவது. அசல் பூ கொஞ்சம்தான் சேரும்.

அந்தக் கொஞ்சத்தை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 100 மில்லி பாட்டிலில் அரை கிராம் அசல் அப்சொல்யூட் இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதற்கு 375 கிராம் பூ போதும். அந்தத் தாய்க்குக் கிலோவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒரு டாலர். ஆக, 375 கிராமுக்கு 0.40 டாலருக்கும் குறைவு. பாட்டிலின் விலை 100 டாலருக்கு மேல். பறிப்பவருக்குப் போவதை மூன்று மடங்காக்கினாலும் பாட்டிலுக்குக் கூடுதலாக ஒரு டாலர்கூடச் சேராது. “கூலியைக் கூட்டினால் விலை தாங்காது” என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர்கள் முன் வைக்கலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது

நீண்ட காலம் ஒரு நிறுவனத்தின் பொறுப்பு அதன் மதில் சுவரோடு முடிந்தது. 2011இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட வழிகாட்டும் நெறிகள் அதை மாற்றின: தன் சங்கிலியில் எங்கே மனித உரிமை மீறல் நடக்கிறது என்று தேடிப் பார்ப்பதும், கண்டால் சரிசெய்வதும் நிறுவனத்தின் பொறுப்பு என்றன. ஆனால் அவை சட்டமில்லை. 2017இல் பிரான்ஸ் அதைச் சட்டமாக்கியது. உலக அளவில் 10,000 ஊழியர்களுக்கு மேல் உள்ள பிரெஞ்சு நிறுவனங்கள் ஆண்டுதோறும் கண்காணிப்புத் திட்டம் வெளியிட வேண்டும். 2023இல் ஜெர்மனியின் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் பொதுவான ஒன்றை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டே அதைத் தள்ளிப்போடவும் தளர்த்தவும் வேலைகள் நடந்தன. எனக்கு அது பெரிய வருத்தம்.

என்ன செய்யலாம்

“இனி வாங்கவே மாட்டேன்” என்பது பலருக்கும் முதலில் தோன்றுவது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பிராண்டுகள் எல்லாம் கார்பியாவை விட்டு ஓடினால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். அந்த ஒன்றரை டாலரும் போய்விடும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகமாட்டார்கள், வேறு வயலுக்கோ அதைவிட மோசமான பட்டறைக்கோ போவார்கள். இந்தத் துறையில் நெடுங்காலம் வேலை செய்பவர்கள் பிள்ளை இருந்தது தெரிந்தவுடன் கையைக் கழுவிக்கொண்டு போவதை ஏற்பதில்லை. அங்கேயே இருந்து சரிசெய்யச் சொல்கிறார்கள்.

சரிசெய்வது எப்படி இருக்கும்? எகிப்தில் தொழிலாளர் உரிமைக்காக வேலை செய்யும் ஃபேர் லேபர் அசோசியேஷன், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, இயற்கைப் பொருள்களை நேர்மையாக வாங்குவதற்காக வேலை செய்யும் யூனியன் ஃபார் எத்திக்கல் பயோடிரேட் ஆகியவை நிறுவனங்களோடு சேர்ந்து பிச்சி வயல்களுக்கென்று ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கியிருக்கின்றன. நல்ல தொடக்கம். ஆனால் பயிற்சி வகுப்பும் விழிப்புணர்வுச் சுவரொட்டியும் மட்டும் நடந்தால் எதுவும் மாறாது. இரவில் பிள்ளையைக் கூட்டிப்போகக் கூடாது என்று அந்தத் தாய்க்குத் தெரியாமல் இல்லை. கிலோ விலை, ஒரு பெரியவர் தனியாகப் பறித்தாலே குடும்பம் நடக்கும் அளவுக்கு உயர வேண்டும். அந்த உயர்வு ஆலையிலோ தரகரிடமோ தங்கிவிடாமல் பறிப்பவர் கைக்கு வந்ததா என்று சரிபார்க்க வேண்டும். பறிப்பவர்களின் பெயர்கள் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். சோதிக்க வருபவர் பூப்பருவத்தில், சொல்லாமல், இரவு மூன்று மணிக்கு வயலுக்கு வர வேண்டும். அம்மா வேலைக்குப் போகும் இரவில் சின்னப் பிள்ளைகள் பத்திரமாகத் தூங்க ஓர் இடமும் வேண்டும். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் 5 வயதுக் குழந்தை வயலுக்கு வருவதற்கு வீட்டில் விட்டுவர ஆள் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நீங்கள் சென்ட் வாங்குபவராக இருந்தால் அந்த பிராண்டின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். இந்தப் பாட்டிலில் அசல் பிச்சியோ வெனிலாவோ ரோஜாவோ இருக்கிறதா, எந்த நாட்டின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது, பறிப்பவருக்குக் கிலோவுக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். முதல் பதில் பெரும்பாலும் பொதுவாக இருக்கும்: பொறுப்பான கொள்முதல், கடுமையான விதிகள், ஏதோ ஒரு சான்றிதழின் பெயர். அதற்கு நன்றி சொல்லிவிட்டு மூன்றாவது கேள்வியை மறுபடியும் அனுப்புங்கள்: கிலோவுக்கு எவ்வளவு, அது யார் கையில் போய்ச் சேருகிறது, கடைசியாக அதை எந்த ஆண்டு உயர்த்தினீர்கள்?